காய்க்கு வேண்டாம் சோப்பு, கைக்குப் போடுங்கள்

ஏப்ரல் மாதம், ஊரடங்கு தொடங்கி மூன்று வாரம் ஆகியிருக்கும். தாம்பரத்தில் வாரா வாரம் நம்மிடம் காய்கறி வாங்கும் ஓர் அம்மா போன் செய்தார். "சார், உங்க அரைக்கீரையைக் கடையும்போது நுரை நுரையா வருதே, என்ன போட்டு வளர்க்கிறீங்க?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்தே அடிக்காத கீரையில் நுரை எங்கிருந்து வரும்? பேசப் பேசத்தான் விஷயம் வெளியே வந்தது. யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் வீடியோவைப் பார்த்துவிட்டு, துணி துவைக்கிற சோப்புத்தூளைக் கரைத்து அதில் கீரைக் கட்டை இருபது நிமிடம் ஊற வைத்திருக்கிறார். கொரோனா போக வேண்டுமாம். கொரோனா போச்சோ என்னவோ, அன்று ராத்திரி அந்த வீட்டில் மூன்று பேருக்கும் வயிற்றைப் பிரட்டியிருக்கிறது.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அதே வாரத்தில் நானும் காய் கழுவும் தொட்டியில் தரை துடைக்கிற கிருமிநாசினியை இரண்டு மூடி ஊற்றி, கத்தரிக்காயை முக்கி எடுத்து அனுப்பியிருந்தேன். "காயெல்லாம் ஆஸ்பத்திரி வாசம் அடிக்குது" என்று நாலு வீட்டிலிருந்து சொன்னார்கள். இத்தனை வருஷம் ஒரு சொட்டு ரசாயனம் படாமல் விளைவித்துவிட்டு, பறித்த பிறகு நானே கொட்டியிருக்கிறேன். பயம் வந்தால் புத்தி பின்னால் போய்விடுகிறது.

இந்த ஒன்பது மாதத்தில் படித்தும், கேட்டும், தப்பு செய்தும் தெரிந்துகொண்டதை நம் உழவர் நண்பர்களுக்குச் சொல்லலாம் என்று எழுதுகிறேன். நேரடியாக வீடுகளுக்கு விற்கிறவர்களுக்கு இது அதிகம் பயன்படும்.

முதலில் இந்த வைரஸைப் பற்றி. இட்லி மாவில் பாக்டீரியா பெருகுகிற மாதிரி, இது கத்தரிக்காய் மேல் உட்கார்ந்து குட்டி போடாது. உயிருள்ள செல்லுக்குள் நுழைந்தால்தான் இதற்குப் பெருகத் தெரியும். வெளியே கிடந்தால் நேரம் ஆக ஆக வீரியம் இழந்துகொண்டே போகும். மார்ச் மாதம் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வில், செம்பின் மேல் 4 மணி நேரம், அட்டைப் பெட்டியின் மேல் 24 மணி நேரம், பிளாஸ்டிக்கின் மேல் 72 மணி நேரம் வரை இது தாக்குப்பிடித்ததாகச் சொன்னார்கள். அந்த 72 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ஊரே பயந்தது. ஆனால் அது ஆய்வுக்கூடத்துக்குள், வைரஸை வேண்டுமென்றே நிறைய வைத்துப் பார்த்த கணக்கு. கடைசியில் மிச்சம் இருந்ததும் ஆரம்பத்தில் இருந்ததில் மிகச் சொற்பம். உணவு மூலம் இந்த நோய் பரவுவதற்கு ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அக்டோபரில் சீனாவில் உறைய வைத்த மீன் வந்த பெட்டியின் மேல் உயிருள்ள வைரஸ் கிடைத்தது என்று செய்தி வந்தது உண்மைதான். அது ஐஸில் வந்த சரக்கு. நம் வெண்டைக்காய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்புறம் சோப்பு ஏன்? இந்த வைரஸ் தன் மேல் ஒரு கொழுப்புப் போர்வை போர்த்தியிருக்கிறது. எண்ணெய்ச் சட்டியை வெறும் தண்ணீரில் கழுவினால் பிசுக்கு போகாது, சோப்பு போட்டால் கரைந்து போய்விடும் இல்லையா, அதேதான். போர்வை கரைந்தால் உள்ளே இருப்பது உதவாமல் போய்விடும். அதனால்தான் கையை இருபது விநாடி தேய்க்கச் சொல்கிறார்கள். "அப்படின்னா காய்க்கும் போடலாமே?" என்று கேட்பார்கள். கையை நாம் சாப்பிடுவதில்லை! இலைக்கும் தோலுக்கும் நுண்ணிய துளைகளும் மடிப்புகளும் உண்டு. எத்தனை தடவை அலசினாலும் சோப்பு கொஞ்சம் தங்கும், வயிற்றுக்குள் போகும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமும் காய்கறிக்குச் சோப்போ கிருமிநாசினியோ போடாதீர்கள் என்றுதான் சொல்கிறது.

ஆட்கள்தான் விஷயம்

காய் மேல் இருக்கும் பயத்தை ஆட்கள் பக்கம் திருப்ப வேண்டும். கோயம்பேட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஏப்ரல் கடைசியில் அங்கே தொற்று கிளம்பி, மே 5-ஆம் தேதி சந்தையையே மூடினார்கள். காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனது, திரும்ப வர செப்டம்பர் கடைசி ஆனது. அங்கிருந்து அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று பரவியது எப்படி? தக்காளிப் பெட்டி வழியாக இல்லை. அங்கே மூட்டை தூக்கி, லாரி ஓட்டி, வாங்கி விற்று, பிறகு சொந்த ஊருக்குத் திரும்பிய ஆட்கள் வழியாக. நெருக்கியடித்து நின்று, சத்தம் போட்டு விலை பேசி, விடிய விடிய ஒரே காற்றை மூச்சு விடுகிற இடம் அது.

அதைப் படித்த பிறகு என் ஷெட்டைப் போய்ப் பார்த்தேன். காய் தரம் பிரித்துப் பையில் போடுகிற இடம் அது. குரங்குத் தொல்லைக்காக மூன்று பக்கம் சுவர் எழுப்பி, ஒரே கதவு வைத்திருந்தேன். விடியற்காலை நாலு மணியிலிருந்து ஏழு பேர் அதற்குள் தோளோடு தோள் உட்கார்ந்து, ஊர்க் கதை பேசிக்கொண்டே கட்டு கட்டுவார்கள். என் தோட்டத்துக்குள் ஒரு சின்னக் கோயம்பேட்டை நானே கட்டி வைத்திருக்கிறேன். காய்க்கு ஆஸ்பத்திரி வாசம் ஏற்றிக்கொண்டிருந்த அதே நாட்களில் இந்தக் கதவு மூடியே இருந்தது. மறுநாளே இரண்டு சுவரை இடுப்பு உயரத்துக்கு இடித்து, மேலே கம்பி வலை அடித்தோம். ஆட்களை இரண்டு முறையாகப் பிரித்தோம்.

இதைவிடக் கஷ்டமான பாடம் மே மாதம் வந்தது. கீரை அறுக்கிற அம்மா ஒருவர், ஐம்பது வயசு இருக்கும், இரண்டு நாளாகக் காய்ச்சலோடு வேலைக்கு வந்திருக்கிறார். மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறார் என்பது மற்றவர்களுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. "ஏம்மா, உடம்பு முடியலைன்னா சொல்லக் கூடாதா?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "சொன்னா நிப்பாட்டிடுவீங்களே சார். வீட்ல அவருக்கும் வேலை இல்ல. 250 ரூபா யாரு தருவா?" என்றார்.

வங்கியில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தேன். காய்ச்சல் வந்தால் மெடிக்கல் லீவு, சம்பளத்தில் ஒரு பைசா குறையாது. அந்த லீவு விண்ணப்பங்களில் எத்தனையோ முறை கையெழுத்துப் போட்டவன், என் தோட்டத்தில் அப்படி ஒன்று வேண்டும் என்று யோசித்ததே இல்லை. ஆள் காய்ச்சலை மறைக்கிற இடத்தில் நீங்கள் எத்தனை லிட்டர் சானிடைசர் வாங்கி வைத்தாலும் வீண்தான். அன்றிலிருந்து காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு என்று சொன்னால் வீட்டில் இருக்கலாம், முழுக் கூலி உண்டு என்று சொல்லிவிட்டேன். ஏமாற்றுவார்கள் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் எச்சரித்தார். டிசம்பர் வரை கணக்குப் பார்த்தேன்: ஏழு பேருக்கும் சேர்த்து 31 நாள், 7,750 ரூபாய். அந்த அம்மாவுக்குப் பரிசோதனையில் கொரோனா இல்லை என்று வந்தது. இருந்திருந்தால் என் ஷெட்டில் ஏழு பேர், எழுபது வீடுகளுக்குப் பை கொண்டுபோய்க் கொடுக்கிற வண்டிக்காரத் தம்பி, அவர் வீட்டில் கைக்குழந்தை.

ரூபாய் நோட்டு பற்றியும் எல்லாரும் கேட்கிறார்கள். நோட்டு மேல் இருப்பதைவிட நோட்டு எண்ணுகிற விரல்தான் பிரச்சினை. எச்சில் தொட்டு எண்ணுகிற பழக்கத்தைத் தடுக்கத்தான் வங்கி கேஷ் கவுண்டரில் ஈரப் பஞ்சு டப்பா வைத்திருப்பார்கள். அப்படியும் நாக்குக்குப் போகிற விரலை நான் தினம் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் பையைப் பிரிக்கவும், கீரைக்கட்டு நாரைப் பிரிக்கவும் நம் ஆட்கள் செய்வதும் இதுவே. ஷெட்டில் ஒரு கிண்ணத்தில் ஈரப் பஞ்சு வைத்தாயிற்று. செலவு பத்து ரூபாய்.

நம் பக்கத்துக் கிருமி

இனி சொல்லப்போவது சில நண்பர்களுக்குப் பிடிக்காது. கொரோனா உணவில் வராது என்று நிம்மதியாக இருந்த நேரத்தில்தான் உணவில் வருகிற கிருமி எனக்குப் பாடம் எடுத்தது.

ஜூன் கடைசியில் ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு நாளாக வாந்தி, வயிற்றுப்போக்கு, குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கும் லேசாக வயிற்று வலி. எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டது பச்சைக் கொத்தமல்லித் துவையல். "உங்க மல்லியாலதான்னு சொல்லலை சார், தெரிஞ்சுக்கணும்னு கேக்கறேன்" என்றார். அந்தப் பதமான பேச்சுதான் என்னை அதிகம் சுட்டது.

அந்தக் கட்டு வந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்தேன். மல்லிப் பாத்திக்கு அறுப்புக்கு மூன்று நாள் முன்பு 3 சதவீதம் பஞ்சகவ்யம் தெளித்திருக்கிறோம், இலை மேலேயே. அறுத்த பிறகு அலசிய தண்ணீர் திறந்த கிணற்றுத் தண்ணீர். கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் மாட்டுக் கொட்டகை, முந்தின வாரம்தான் ஒரு கோடை மழை. கிராமங்களில் குடிநீர் சோதிக்கக் கொடுக்கிற சின்ன பாட்டில் ஒன்று பஞ்சாயத்தில் கிடைத்தது. மலக்கழிவு கலந்த தண்ணீர் என்றால் அதில் கருப்பாகிவிடும். என் கிணற்றுத் தண்ணீர் மறுநாள் காலைக்குள் மை மாதிரி கருத்துவிட்டது.

அந்தப் பிள்ளைக்கு வந்தது என் மல்லியால்தானா என்று நிச்சயமாகச் சொல்ல வழியில்லை. ஆனால் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வாரம் மல்லி வாங்கிய 23 வீட்டுக்கும் போன் செய்து, இருந்தால் பச்சையாகச் சாப்பிட வேண்டாம், கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள் என்று சொன்னேன். பிள்ளை தேறிவிட்டது. அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு நம்மிடம் வாங்கவில்லை. குறை சொல்ல முடியாது.

சாணத்தில் கோடிக்கணக்கில் நுண்ணுயிர் இருக்கிறது என்று பெருமையாகப் பேசுகிறோம். உண்மைதான். ஆனால் அந்தக் கோடியில் ஈ.கோலை, சால்மோனெல்லா வகைகளும் இருக்கக்கூடும். பெரும்பாலான ஈ.கோலை ஒன்றும் செய்யாது, சில வகை ஆளைக் கொல்லும். 10 கிலோ சாணத்துக்கு 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு போட்டு ஜீவாமிர்தம் கரைக்கிறோமே, அந்த வெல்லம் நல்ல நுண்ணுயிரை மட்டும் தேடிப் பிடித்து ஊட்டாது. கெட்டது உள்ளே இருந்தால் அதுவும் தின்று கொழுக்கும்.

2011-இல் ஜெர்மனியில் நடந்ததை நம் இயக்கத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை. மே மாதம் தொடங்கி ஈ.கோலை கிருமியால் கிட்டத்தட்ட 4,000 பேர் படுத்தார்கள், 50-க்கு மேல் இறந்துபோனார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது. முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய் என்று சொல்லி, அந்த நாட்டு விவசாயிகள் காயைக் கொட்டி அழித்தார்கள். பாவம், அவர்கள் மேல் தப்பே இல்லை. கடைசியில் விசாரணை போய் நின்றது வடக்கு ஜெர்மனியில் முளைகட்டிய பயறு விற்ற ஓர் இயற்கைப் பண்ணையில். எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையோடு கிருமி வந்திருக்கலாம் என்பது முடிவு. பண்ணைக்காரர்கள் ரசாயனமும் போடவில்லை, ஏமாற்றவும் இல்லை. நஞ்சில்லாதது என்பதும் கிருமியில்லாதது என்பதும் வேறு வேறு கணக்கு.

அமெரிக்காவில் இயற்கை விவசாயச் சான்றிதழ் விதி ஒன்று இருக்கிறது. மட்காத பச்சை எருவைப் போட்டால், மண்ணைத் தொட்டு விளைகிற பயிரை 120 நாள் கழித்துத்தான் அறுக்க வேண்டும். மண்ணைத் தொடாத பயிருக்கு 90 நாள். நம் சிறுகீரை 25 நாளில் அறுப்புக்கு வந்துவிடும், மல்லி 40 நாள். இந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டால் கீரை சாகுபடியே செய்ய முடியாது. அதனால் நான் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சொல்கிறேன், உங்கள் தோட்டத்துக்குப் பொருந்துமா பாருங்கள்.

பச்சையாகச் சாப்பிடுகிற மல்லி, புதினா, வெள்ளரி, கேரட், முள்ளங்கி எல்லாவற்றையும் தனிப் பாத்தியாக ஒதுக்கிவிட்டேன். கொட்டகையிலிருந்து மேட்டில், தள்ளி. அந்தப் பாத்திகளுக்குப் பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் இரண்டும் கிடையாது, தெளிப்பும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. விதைப்புக்கு முன் நன்றாக மட்கிய உரம் மட்டும். சமைத்துச் சாப்பிடுகிற கீரைக்கு ஜீவாமிர்தம் வேரில் மட்டும், வாய்க்கால் தண்ணீரோடு, முதல் பத்து நாளுக்குள். கத்தரி, வெண்டை, வாழைக்கு வழக்கம்போல. விளைச்சல் குறைந்ததா என்றால், புதினாவில் கொஞ்சம் குறைந்தது. பரவாயில்லை.

மட்கிய உரம் என்று நாம் சொல்வதிலும் ஏமாற்று இருக்கிறது. கருப்பாக, வாசம் இல்லாமல் இருந்தால் மட்கிவிட்டது என்று நினைக்கிறோம். கிருமி சாக வேண்டுமானால் குவியலுக்குள் 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறி நிற்க வேண்டும். அதுவும் வெளிப்பக்கம் குளிர்ந்தே இருக்கும் என்பதால் புரட்டிப் புரட்டி உள்ளே தள்ள வேண்டும். பதினைந்து நாள் அந்தச் சூட்டில் வைத்து ஐந்து தடவை புரட்டுவது ஒரு கணக்கு. ஓர் இரும்புக் கம்பியைக் குவியலுக்குள் செருகி ஐந்து நிமிடம் கழித்து எடுங்கள். கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் சூடு போதும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். நான் நீளமான தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டேன். சும்மா குழியில் கொட்டி ஆறு மாதம் விட்ட குப்பையில் இந்தச் சூடு ஏறியிருக்காது.

கழுவுகிற தண்ணீருக்கு 1,000 லிட்டர் தொட்டி தனியாக வைத்து, 2.5 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துகிறோம். "நீங்களே குளோரின் போடறீங்களா?" என்று நம் கூட்டத்தில் ஒரு நண்பர் முகம் சுளித்தார். பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியில் போட்டு நாம் தினமும் குடிக்கிற அதே குளோரின்தான். மாட்டுக் கொட்டகை கழிவு கலந்த கிணற்றுத் தண்ணீரை இயற்கை என்று சொல்லி ஊற்ற எனக்கு இனி மனசு வராது. கொட்டகைத் தண்ணீர் வடிய எதிர்ப்பக்கம் வாய்க்கால் வெட்டி, கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும் ஓரடி ஏற்றிவிட்டேன். பிளாஸ்டிக் கிரேடுகளை வாரம் ஒருமுறை சோப்பு போட்டுத் தேய்த்து வெயிலில் காய வைக்கிறோம். சோப்புக்கு உரிய இடம் அதுதான்.

ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறையும் கட்டினேன். ஏழு பேர் வேலை செய்யும் இடத்தில் இத்தனை வருடம் அது இல்லாமல் இருந்தது. கை சுத்தம் பற்றி நான் பேசியதையெல்லாம் அவர்கள் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்களோ!

பையில் போடுகிற துண்டுச்சீட்டு

வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது என்று யோசித்து ஒரு சின்னச் சீட்டு அச்சடித்தோம். பையை வாங்கியதும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். காயை ஓடுகிற குடிதண்ணீரில் கையால் தேய்த்து அலசுங்கள், சோப்பு வேண்டாம். கீரையை வேர் நறுக்கிவிட்டு, அகலப் பாத்திரத்தில் மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள், மண் அடியில் தங்கும். உப்பு, மஞ்சள் போடுவது உங்கள் விருப்பம். புழு மேலே வரும், வைரஸ் சாகும் என்று எண்ண வேண்டாம். சமைப்பதற்குச் சற்று முன் கழுவுங்கள், ஈரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்தால் அழுகும். துவையல் அரைக்கும் மல்லி, புதினாவைச் சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒரு கொதி விட்டுக் கொடுங்கள். நாட்டுக்கோழி முட்டையை உடைப்பதற்கு முன்தான் கழுவ வேண்டும், வாங்கியதும் கழுவி வைத்தால் ஓட்டின் மேலுள்ள காப்புப் போய்விடும்.

இந்தச் சீட்டில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பலர் கேட்டார்கள்: "இயற்கை விளைபொருள், நோய் எதிர்ப்புச் சக்தி தரும், கொரோனாவைத் தடுக்கும்." கபசுரக் குடிநீருக்கு ஊரே வரிசையில் நின்ற நேரம், அப்படி எழுதியிருந்தால் விற்பனை இரட்டிப்பாகியிருக்கும். நல்ல சாப்பாடு உடம்புக்கு நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முருங்கைக்கீரை சாப்பிட்டுவிட்டேன் என்று ஒருவர் முகக்கவசம் இல்லாமல் கல்யாணத்துக்குப் போய்விட்டால், அந்த வரியை எழுதியவன் நான். அதனால் எழுதவில்லை.

இப்போது வடகிழக்குப் பருவமழை. கிணறு நிறைந்து வழிகிறது. மேட்டுத் தண்ணீர் எல்லாம் இறங்குகிற காலம் என்பதால் இந்த மாதம் மட்டும் இரண்டு தடவை அந்த பாட்டில் சோதனை செய்தேன். முதல் தடவை கருத்தது. தொட்டியை வடித்துச் சுத்தம் செய்து, மல்லி அறுப்பை நான்கு நாள் நிறுத்தினோம். இரண்டாவது தடவை கருக்கவில்லை. பொங்கல் முடிந்ததும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு மாதிரி கொடுத்து முழுசாகப் பார்க்க வேண்டும். உங்கள் கிணற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.